நான் கேட்காத பாஸ்வேர்டு

அந்த முதல் மின்னஞ்சலைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. பாஸ்வேர்டை மாற்றித் தரும்படி கேட்டிருந்தீர்கள், மாற்றிக்கொள்ள இந்த இணைப்பை அழுத்துங்கள், நீங்கள் கேட்கவில்லை என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. நான் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று ஏறும். சூப்பர்வைசர் சொன்னாலே விடமாட்டேன், ஒரு கம்ப்யூட்டர் சொன்னால் விட்டுவிடுவேனா?

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, வருடம் சரியாக நினைவில்லை. ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பகுதியில் இருந்தேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு பஸ் ஏறி வந்தவள். ஷிப்ட் முழுக்க ஒரே வேலைதான். இரும்பு வளையங்களின் துளைக்குள் அளவுக் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. போனால் அந்த வளையம் கழிவு, சிவப்புப் பெட்டிக்குப் போகும். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஷிப்ட் முடிந்ததும் அந்தப் புத்தியை யூனிஃபார்மோடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

என்னோடு அறையில் இருந்தவள் உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவாள், கம்பெனியில் தமிழ், வீட்டுக்காரம்மாவிடம் கன்னடம். என்னைவிட இரண்டு வயது சிறியவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊர் பக்கத்தில் இருந்தும் காலை ஷிப்டுக்கு நேரத்துக்கு வந்து சேர பஸ் இல்லாததால் என்னோடு தங்கியிருந்தாள். ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு ஸ்டவ். எலி வளையானாலும் தனி வளை என்று இருவருக்கும் அந்த அறைமேல் ஒரு பெருமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போவோம். ஒரு கேபின், இரண்டு நாற்காலி. அரை மணி அவளுக்கு, அரை மணி எனக்கு. ஒருத்தி தட்டும்போது மற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது எல்லோரும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்புத் தளத்தில் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. மஞ்சள் சுடிதாரில் ஒரு போட்டோ, கூடப் படித்தவர்கள் முப்பது பேர். கோயம்புத்தூரில் வேலை பார்த்த பாலிடெக்னிக் தோழி ஒருத்திக்கு அதில்தான் வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் அவளுக்கு எழுதித் தீர்ப்பேன்.

அந்தத் தளத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணியில் பூ வைத்தார்கள், தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரிலேயே வீடு பார்க்கலாம், நீ வேலையை விட வேண்டாம் என்று அவராகவே சொன்னார். இதற்கு முன் வந்த மூன்று வரன்களும் வேலையை விடச் சொன்ன வரன்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சாயங்காலம் போன் வரும் நேரத்துக்கு முன்பே மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொள்வேன், அவ்வளவு பிடித்திருந்தது.

அதனால்தான் இரண்டாவது வாரம் அதே மாதிரி நான்கு மின்னஞ்சல்கள் வரிசையாகக் கிடந்தபோது கோபம் போய்ப் பயம் வந்தது. எங்கள் கம்பெனியிலேயே ஒரு பெண்ணின் கணக்கை எவனோ பிடித்து, அவள் போட்டோவுக்குக் கீழே கண்டதையும் எழுதிவைத்தான். நிச்சயமான கல்யாணம் நின்றுபோய், அவள் ஊருக்கே போய்விட்டாள். எனக்கும் அப்படி ஏதாவது நடந்தால் இந்தச் சம்பந்தம் போய்விடும். அந்த ஒரு பயம் அன்றிலிருந்து சோற்றிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது.

பிரவுசிங் சென்டர்காரர் கன்னடக்காரர், வயதானவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "பேடம்மா, பேட. இதை அமுக்காதீங்க. நெஜமாவும் இருக்கும், பொய்யாவும் இருக்கும். யாரோ உங்க கதவைத் தட்டறாங்க. நீங்க தொறக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பொய்யாகத் தெரியவில்லை. நிஜம் என்றால் யாரோ என் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யார்? பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. தளத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். மாற்றும்போது பக்கத்து நாற்காலிக்காரியை, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை அப்படிச் சொன்னேன். அவள் உடனே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு தனியாகப் போனேன். என் மெயிலே திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி தட்டினேன், மறுபடியும் தவறு.  பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு அந்த நாளில் மெயிலில் ஒரு வழி இருந்தது. கணக்கு தொடங்கும்போது நாமே ஒரு ரகசியக் கேள்வியும் பதிலும் கொடுத்திருப்போம். பதிலைச் சரியாகச் சொன்னால் புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். நான் கொடுத்திருந்த கேள்வி, உன் குலசாமி பெயர் என்ன?

கணக்கு தொடங்கிய அன்று அதை நினைத்து நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். பெயர்ப்பலகைகூட இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலசாமியை ஓசூரில் எவனுக்குத் தெரியும்? பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை, பட்டது போதும். பதிலைத் தட்டினேன், மெயில் திறந்தது. ஒரு வார்த்தையில் திறந்துவிட்டதே என்று முதலில் நிம்மதி, அடுத்த நிமிடமே பகீரென்றது. எனக்குத் திறந்த மாதிரிதானே அந்த ஆளுக்கும் திறந்திருக்கும்?

உள்ளே போய்ப் பார்த்தேன். நான் தொடாமல் விட்டிருந்த மின்னஞ்சல்களில் கடைசியாக வந்ததை யாரோ திறந்து படித்திருந்தார்கள். அதற்குக் கீழே, உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது என்று நட்புத் தளத்திலிருந்து இன்னொன்று. மெயிலுக்குள் வந்து, அங்கிருந்து அந்த இணைப்பை அழுத்தி, தளத்துக்குள்ளும் போயிருக்கிறார்கள். ஆனால் எதையும் எழுதவில்லை, போட்டோவைத் தொடவில்லை. படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் மாற்றினேன். கேள்வியையும் மாற்றினேன்.

அறைக்கு நடந்து வரும்போதே என் புத்தி தீர்ப்பு எழுதிவிட்டது. ஓசூரில் என் குலசாமி பெயர் தெரிந்தவள் ஒருத்திதான். ஆடியில் ஊருக்குப் போய் வந்தபோது குங்குமம் கொடுத்து, பெயரைச் சொல்லிப் பூசிக்கொள்ளச் சொன்னதே நான்தான். என் மெயில் முகவரியும் அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவள். போதாதா?

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்தேன். மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன், அப்போதுதான் வந்து விழுந்த ஒன்று உட்பட. பெரும்பாலும் அவள் தங்கைக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு, ஆங்கில எழுத்தில் தெலுங்கு. அவளோடு இருந்து இருந்து எனக்கும் ஓரளவு புரியும். அக்கா இப்போதெல்லாம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை, எதற்கோ பயந்துகொண்டிருக்கிறது, அதனால் இந்த வாரம் ஊருக்கு வரவில்லை, அது தனியாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அந்த நேரத்தில் வெட்கம் வரவில்லை. அப்பாடா, இவள் இல்லை என்று சந்தோஷம்தான் வந்தது. போனை வைத்துவிட்டு அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து வந்து மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார்.

"நாலு பேண்ட் தைக்கக் குடுத்திருக்கேன். எல்லாம் செருப்பைத் தொடுற நீளம். இனிமே வெள்ளம் வந்தா நனையும். பரவாயில்லையா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பாதியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. மாப்பிள்ளைக்கு வெள்ளம் வந்தாலும் பேண்ட் நனையாது என்று கோயம்புத்தூர்த் தோழிக்கு எழுதியிருந்தேன். அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் அதைச் சொல்லவில்லை.

"இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான் எழுதியிருந்தியே."

"உங்களுக்கு எழுதலையே."

அவர் மறைக்கவே இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடையைக் கண்டுபிடித்தவரைப் போல விளக்கினார். "மொதல்ல அந்த சைட்டுல முயற்சி பண்ணேன். லிங்க் எல்லாம் உன் மெயிலுக்குப் போயிடுச்சு. அப்புறம் மெயில்லயே மறந்துபோச்சுன்னு போட்டா, குலசாமி யாருன்னு கேக்குது. உங்க அப்பா குடுத்த ஜாதகத்துல ரெண்டாவது வரியே அதுதானே."

எனக்கு என் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசத் தொடங்கினால் நட்சத்திரத்துக்கு முன்பே கேட்பது குலசாமியைத்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி என்றால் பங்காளி, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். என் ரகசியப் பதில் ஜாதக நகலில் ஏறி, தரகர் பையில் உட்கார்ந்து, எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது. மெயில் முகவரியை, நிச்சயதார்த்த போட்டோ அனுப்புகிறேன் என்று அவர் கேட்டபோது, நானே ஆசையாகச் சொல்லியிருந்தேன்.

"எதுக்குப் பாத்தீங்க?" என்றேன்.

"ஒரு விசாரிப்புதான். உங்க அப்பா எங்க ஆபீஸ் வாசல்ல வந்து, நான் குடிப்பனான்னு வாட்ச்மேன்கிட்ட கேக்கலையா? நான் தப்பா எடுத்துக்கிட்டனா? ஆனா ஒண்ணு சொல்றேன். முழுசும் படிச்சேன், உன்கிட்ட ஒரு தப்பும் இல்ல. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

துணியை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம். இரண்டு நாள் முன்னால் அடுத்தவள் போனை வைத்துக்கொண்டு நான் அனுபவித்தது அதுவேதான். ஒன்றும் கிடைக்காததால் எனக்கு நிம்மதி. ஆனால் அவளுக்கு என்ன கிடைத்தது?

அப்பா வாட்ச்மேனிடம் கேட்டதும் விசாரிப்புதான், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் வாட்ச்மேன், வெளியே தெரிவதை வைத்துப் பதில் சொல்வார். என் தோழிக்கு நான் எழுதியது ஊருக்குத் தெரிய எழுதியதில்லை. நல்ல பெண் என்று பெயர் எடுக்கவும் எழுதவில்லை. அதையும் ஒருவர் படித்து மார்க் போட்டு, பாஸ் என்று சொல்கிறார். நூற்றுக்கு நூறு வாங்கியும் அவமானமாக இருந்தது.

கீழே வந்தபோது அறைத்தோழி ஊரிலிருந்து வந்த அவரைக் கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்துப் படித்ததைச் சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க்கா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "குளிச்சிட்டு வந்து பாக்கறேன், நான் தொறக்காத மெசேஜ் தொறந்து கெடக்குது. ரூம்ல வேற யாரு இருக்காங்க?"

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் ஒரே ரூம்ல எப்படிக்கா இருக்கறது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, "அழுதுட்டே பிதுக்குங்க. கொழம்புக்கு உப்பு மிச்சம்" என்றாள். அன்றைக்கு அப்படிக் கேலி பேசினாலும், அதன் பிறகு அவள் போனைக் குளியலறைக்கும் கையோடு எடுத்துப் போகத் தொடங்கினாள்.  ஏன் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மாப்பிள்ளைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஒருத்தி கொடுத்திருக்கிறாளே. மறுநாள் நானே போன் செய்தேன்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே என் மெயிலைத் தொடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

 அவர் கோபப்படவில்லை, குரலில் நிஜமான குழப்பம்தான் இருந்தது. "சொல்லிடலாம். ஆனா எதுக்கு அப்படிக் கேக்குற? நாளைக்கு மறைக்க வேண்டியது ஏதாவது வரும்னா?"

அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், வேலையை விடச் சொல்ல மாட்டார், குரலை உயர்த்தக்கூட மாட்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க என் உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே இருப்பார். என்னால் ஆகாது. வீட்டுக்கு போன் போட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன்.

அடுத்த நாளே அப்பா பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆண்கள் மாடிக்கு வரக்கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பு, அதனால் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து பேசினோம். கிருஷ்ணகிரி, சேலம் என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்த சத்தத்தில், மெயில் என்றால் என்ன, பாஸ்வேர்டு என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா, மாப்பிள்ளை படிச்சிட்டாரு. அப்படி அதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. பேண்ட் உயரம்னு ஒரு கேலி. அவ்வளவுதான்."

"அவரு அதுக்குக் கோபப்பட்டாரா?"

"இல்ல, சிரிச்சாரு."

அப்பா என் முகத்தையே பார்த்தார். "அவருக்கும் கோபம் இல்ல, அதுலயும் ஒண்ணும் இல்ல. அப்ப எதுக்கும்மா வேண்டாங்குற? மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்?"

 மடி என்னுடையது, கனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அவிழ்த்துக் காட்டச் சொல்ல ஒருவருக்கு உரிமை இல்லை என்று பிறகு பல தடவை மனசுக்குள் அப்பாவிடம் வாதாடியிருக்கிறேன். அன்று, "எனக்கு வேண்டாம்ப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஊருக்குப் போய், மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி, வாங்கிய சீர்த்தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே என்னென்ன பேச்சு வாங்கினார் என்று கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. என்னை வேலையை விட்டு வரச் சொல்லவும் இல்லை.

நாலு வருடம் கழித்துத்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கும் அப்பாதான் அலைந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மாதம் லீவு போட்டுக்கொண்டு ஊரில் இருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டபோது, அம்மா கொல்லைப்புறம் போகும் வரை காத்திருந்து, என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"இப்பவாவது சொல்லலாம்ல. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அந்தப் பையன் படிச்சதுல அப்படி என்னதாம்மா இருந்துச்சு?"

இத்தனை வருடமும் இந்தக் கேள்வியோடுதான் எனக்காக அலைந்திருக்கிறார். 

"சத்தியமா ஒண்ணுமே இல்லப்பா."

 அப்பா, மன்னித்துவிட்டவரைப் போல மெதுவாகத் தலையாட்டிவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தார்.